பீரோவுக்குள் போன போர்வை

அக்காவுக்கு நான் தைத்துக் கொடுத்த ஒட்டுத்துணிப் போர்வையை மூன்று வருடம் கழித்து அவள் பீரோவில் பார்த்தேன். கொடுத்த அன்று எப்படி மடித்திருந்தேனோ அதே மடிப்பு. கட்டியிருந்த ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே இரண்டு அந்துருண்டை. வேறு ஏதோ எடுக்கப் போனவள் அதையும் வெளியே எடுத்து, "பாரு, ஒரு பொட்டு அழுக்குப் படாம வச்சிருக்கேன்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

இரண்டு பேருமாகக் கட்டிலில் விரித்தோம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைத் துண்டுகள் பழுப்பேறியிருந்தன. உள்ளே பஞ்சு அமுங்கி, கோடு கோடாகத் தடம் பதிந்திருந்தது.

"ஒரு நாள்கூடப் போத்திக்கலையாக்கா?"

"நாலு மாசம் உக்காந்து தச்சிருக்க. கிழிஞ்சிடுச்சுன்னா அப்புறம் யாரு தைக்கிறது?"

"நான்தான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேல் ஒரு குறையும் இல்லை. வெள்ளையும் இளமஞ்சளுமாகத் துணி எடுத்தது நான். ஓரமெல்லாம் சின்னச் சின்ன மணி கோத்தது நான். இதைத் துவைக்கலாம், போட்டு மிதிக்கலாம், கிழிந்தால் கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்ததும் நான்தான். பார்ப்பவருக்குத் தொடவே பயம் வரும்படி ஒரு போர்வையைத் தைத்துவிட்டு, அவள் ஏன் போர்த்திக்கொள்ளவில்லை என்று கேட்பதில் என்ன நியாயம்?

அதற்குப் பிறகு 14 போர்வைகள் தைத்திருக்கிறேன். எல்லாம் வீட்டு மனிதர்களுக்கும் நண்பர்களுக்கும்தான். ஒவ்வொன்றையும் தொடங்கும் முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இவர் இதைத் தினமும் போர்த்திக்கொள்வாரா? துணி, அளவு, தையல் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் முடிவாகின்றன.

இதுவரை தைத்துப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுத்துணிப் போர்வை மூன்று அடுக்கு. மேலே, துண்டுகளை இணைத்துத் தைத்த முகம். நடுவில் பஞ்சு ஷீட். அடியில் முதுகுத் துணி. மூன்றையும் ஊடுருவிப் போகிற தையலுக்குத்தான் குயில்டிங் என்று பெயர். கடைசியில் சுற்றிலும் ஒரு பட்டி. பஞ்சு ஷீட் கிடைக்கவில்லையே என்று யாரும் நிறுத்த வேண்டியதில்லை. வங்காளத்துக் காந்தா போர்வையில் பஞ்சே கிடையாது. தேய்ந்து மெத்தென்று ஆன பழைய புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நெருக்கமாகத் தைத்துவிடுவார்கள். ஒரு பழைய பெட்ஷீட்டை நடுவில் வைத்து நானும் தைத்திருக்கிறேன். அதிகக் குளிரில்லாத இடத்துக்கு அதுவே போதும்.

துணி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பருத்திதான். அதிலும் ஒரே கனமுள்ள பருத்தி. ஜீன்ஸ் துண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய மல் துணியைத் தைத்தால், நாலு துவைப்பில் மெல்லியது தையலோரமாகக் கிழிந்து போகும். பழைய துணி எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன். இழை இழையாக வெளிச்சம் தெரிந்தால், எவ்வளவு ஆசைப்பட்ட துணியானாலும் ஒதுக்கிவிடுவேன். பனியன் துணி, டீ-ஷர்ட் எல்லாம் இழுபடும். அவற்றுக்குப் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டுகிற ஃப்யூசிங் துணி வைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் சதுரமாக வெட்டியது தைத்து முடிக்கும்போது சதுரமாக இருக்காது.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவைத்துவிட வேண்டும். புதுப் பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். ஏற்கெனவே பத்து வருடம் துவைத்த சட்டைத் துணிக்குப் பக்கத்தில் துவைக்காத புதுத்துணியை வைத்துத் தைத்தால் என்ன ஆகும்? முதல் தடவை தண்ணீரில் போட்டதும் புதுத் துண்டு சுருங்கிப் பழைய துண்டையும் இழுத்துக்கொள்ளும். முகம் முழுக்கச் சுளிப்பு விழும். சாயத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். சிவப்பையும் அடர்நீலத்தையும் நான் நம்புவதில்லை. ஈரத்துணியோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்தி எடுக்கிறேன். கைக்குட்டையில் நிறம் ஏறினால் மறுபடி ஊறவைப்பு. நாலு தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுப்பது தனி சுகம். எனக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, வாங்கிக்கொள்ளப் போகிறவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் அடிக்கடி உடுத்துகிற நிறம் எது? சோபாவில் படுத்துப் படிப்பாரா, கட்டிலிலா? வீட்டில் நாய் உண்டா? குழந்தை மடியில் ஏறிக் கொட்டிக் கவிழ்க்குமா? நாயும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு அடர்நிறம், பொடிப்பூ, நெருக்கமான கட்டம். கறை விழுந்தாலும் கண்ணில் படாது, அவரும் பதறாமல் போர்த்திக்கொள்வார். அளவும் அப்படித்தான். உயரமான என் தோழி ஒருத்திக்குப் பாதம் வெளியே தெரிகிற போர்வையைக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. அவள் படுத்திருக்கும்போது தலையிலிருந்து கால்வரை நாடாவால் அளந்து, மேலே ஒரு முழம் விட்டேன். அவளுக்குத் தெரிந்தே அளந்தேன். ரகசியமாகத் தைத்துத் திடீரென்று நீட்டுவதில் ஒரு குதூகலம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்து தைக்கிற போர்வையில் அவர்களும் கூட உட்கார்ந்து இந்தத் துண்டு வேண்டாம், அந்தப் பச்சை வேண்டும் என்று சொல்ல முடிகிறது. அப்படிச் சேர்ந்து தைத்த ஒன்றுகூட இதுவரை பீரோவுக்குள் போகவில்லை.

அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஒன்பது சட்டைகள். எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தது.

"வெட்டாம தைக்க முடியாதா?"

"முடியாதும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி, நான் வீட்ல இல்லாதப்ப வெட்டு" என்றாள்.

ஒரு சட்டையைப் போர்வைத் துணியாக்குவது நிதானமான வேலை. பின்பக்கம்தான் பெரிய பரப்பு. நாலரை அங்குலச் சதுரமாக வெட்டினால் அதிலிருந்து மட்டும் 20 வரை கிடைக்கும். தோள்பட்டையில் துணி இரட்டையாக இருக்கும், பிரித்தால் இரண்டு துண்டு. கைகளைத் தையலோரமாகப் பிரித்து விரித்தால் நல்ல நீளம். காலரும் கைப்பட்டியும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும், அவற்றை விட்டுவிடலாம். கத்தரியால் தையலை ஒட்டி வெட்டிவிடுவது சுலபம், ஆனால் நான் அன்று வெட்டவில்லை. தையல் பிரிக்கிற சின்ன முள்ளை எடுத்து ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட மனம் வரவில்லை.

நாலாவது சட்டை நீலம். பல வருடம் போட்டுப் போட்டு வெளிறி, சாம்பலுக்குப் பக்கத்தில் போய்விட்ட நீலம். அதன் பையைப் பிரித்து எடுத்தேன். கீழே, பையின் வடிவத்திலேயே, அந்தச் சட்டை வாங்கிய அன்று இருந்த நீலம் அப்படியே இருந்தது. வெயில் படாத, சோப்புத் தேயாத நீலம். மூன்று பக்கமும் தையல் ஊசி போன ஓட்டைகள் புள்ளி வரிசையாக. கீழ் மூலையில் பேனா மை கசிந்து சின்னதாக ஒரு கறை. அப்பா அந்தச் சட்டையை முதன்முதலில் போட்டுக்கொண்டு வெளியே போன நாளில் நானும் கூடப் போயிருப்பேன். அந்த நிறத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அதற்காகவே திட்டத்தை மாற்றினேன். நாலரை அங்குலச் சதுரத்தில் பை இருந்த இடம் முழுதாக அடங்காது. எல்லாச் சட்டைகளையும் ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினேன். நீலம் நடுவில் வரும்படி அந்த ஒரு சதுரத்தை மட்டும் தனியாக அளந்து, போர்வையின் மேல் பகுதியில், நெஞ்சுக்கு நேராக வருகிற இடத்தில் வைத்தேன்.

அமெரிக்காவின் அலபாமாவில், ஓர் ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போர்வை தைக்கிறார்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்டியபோது வெளியுலகம் பரவலாகத் திரும்பிப் பார்த்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையாகவும் வெளியிட்டது. அவற்றில் ஒன்றை மிசூரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்தார். கணவர் இறந்த பிறகு, அவர் வயலில் வேலைக்குப் போட்டுச் சென்ற உடைகளைக் கிழித்துத் தைத்தது. நீலமும் சாம்பலுமாக நீளநீளத் துண்டுகள், முழங்கால் தேய்ந்த இடம்கூடத் தெரியும். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு அதன் கீழே படுத்துக்கொள்ளவும்தான் அதைத் தைக்கிறேன் என்று அம்மா சொன்னதாக மகள் பிற்பாடு நினைவுகூர்ந்தார். படுத்துக்கொள்ள! எனக்கு அந்தச் சொல்தான் முக்கியம். இறந்தவரின் துணியைச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குளிர்ந்தது, அவர் துணியைப் போர்த்திக்கொண்டார்.

அம்மா போர்வையை விரித்துப் பார்த்துவிட்டு அந்தச் சதுரத்தில் விரலை வைத்து, "இது என்ன, புதுத்துணி வாங்கி வச்சியா?" என்று கேட்டாள். அதே சட்டைதான், பைக்குக் கீழே இருந்த இடம் என்றேன். உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று இரவே போர்த்திக்கொண்டாள்.

தைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினில் துண்டுகளை இணைக்கும்போது விடுகிற ஓரம் கால் அங்குலம். இது உலகம் முழுக்க உள்ள கணக்கு. கண்ணால் குத்துமதிப்பாகப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 48-க்கு 60 அங்குலப் போர்வை, தைத்த பின் நாலு அங்குலம் வருகிற சதுரங்கள் என்றால் வரிசைக்கு 12 வீதம் 15 வரிசை, மொத்தம் 180 சதுரம். ஒரு வரிசையில் 11 தையல். கால் அங்குலத்துக்குப் பதிலாக வீசம் (1/16) அங்குலம் கூடுதலாக உள்ளே போய்விட்டால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரைக்கால் (1/8) அங்குலம் போச்சு. 11 தையலுக்கு ஒன்றேகாலே அரைக்கால் அங்குலம். அதுவும் எல்லா வரிசையிலும் ஒரேபோலக் குறைந்தால் பரவாயில்லை. ஒரு வரிசை குறைந்து பக்கத்து வரிசை குறையாமல் இருந்தால் இரண்டும் சேராது. மெஷின் தகட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டேன். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போனால் போதும்.

இன்னொன்று, இஸ்திரி. தைத்த ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட வேண்டும், ஆனால் தேய்த்து இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். இழுத்தால் துணி சாய்ந்து கொடுத்துவிடும். முதல் வரிசையின் தையலோரங்களை இடப்பக்கம் மடித்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம் மடிக்க வேண்டும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும்போது அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்திக் கொக்கி போட்டதுபோல் நிற்கும். நாலு சதுரத்தின் மூலையும் ஒரு புள்ளியில் சேர்வது விரலுக்கே தெரியும்.

வெட்டுவதற்கு இப்போதெல்லாம் உருளும் வட்டக் கத்தி இருக்கிறது. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. நாலைந்து அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டிவிடும், அடியில் அதற்கென்று உள்ள பாய் வேண்டும். வசதிதான். கத்தரியும் அட்டையில் வெட்டிய சதுரமும் வைத்துக்கொண்டு தைக்கிறவர்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

அளவே இல்லாமலும் தைக்கலாம் என்று எனக்குக் காட்டியது கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி என்ற இனத்து மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கிற போர்வைக்குத்தான் கவந்தி என்று பெயர். அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கையில் கிடைக்கிற துண்டை ஓரம் மடித்து வைத்து, ஓட்டுத்தையலாலேயே அடித்துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு ஓரமாகவே சுற்றிச் சுற்றி வருவார்கள். சுற்று குறுகிக் குறுகி நடுவில் வந்து முடியும். துண்டு இணைப்பது வேறு, அடுக்கு இணைப்பது வேறு என்ற பிரிவே அதில் இல்லை. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த சின்னத் துணியைப் பூவாக வைத்துத் தைப்பார்கள். அதற்குப் புலா என்று பெயர். புலா வைக்காத கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை. அளவுநாடாவோடு வாழ்ந்து பழகிய எனக்கு அந்த முறையில் முதல் இரண்டு கோணல்களைத் தைக்கும்போது கை கூசியது. மூன்றாவது சுற்றில் அடுத்த துண்டு எது என்று துணியே சொல்ல ஆரம்பித்தது. நண்பன் ஒருவனுக்காகத் தைத்தேன் அதை. 14 போர்வைகளில் அதிகம் கசங்கியது அதுதான். அவன் வீடு மாறியபோது கண்ணாடிச் சாமான்களைச் சுற்றிக் கட்டவும் அதைத்தான் எடுத்தான் என்று தெரிந்து எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

நான் துண்டுகளை மெஷினில் இணைத்தாலும் அடுக்குகளைக் கையால்தான் தைக்கிறேன். மெஷினிலேயே செய்யலாம், தவறில்லை, சீக்கிரமும் முடியும். எனக்குக் கை வேண்டும். முதுகுத் துணியைத் தரையில் இழுத்து ஒட்டி, மேலே பஞ்சு, அதற்கு மேலே முகம். நடுவிலிருந்து நாலு பக்கமும் தற்காலிகமாக நீள நீளமாக இழையோட்டிக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் குட்டையான ஊசி. பிட்வீன் என்பார்கள், 9 அல்லது 10-ஆம் எண். எண் கூடக்கூட ஊசி சின்னதாகும். மேல்கையின் நடுவிரலில் ஊசியைத் தள்ள ஒரு பூண், கீழ்க்கை போர்வைக்கு அடியில். ஊசிமுனை கீழே இருக்கும் விரலை லேசாகத் தொட்டதும் திரும்பி மேலே வர வேண்டும். அதுதான் மூன்று அடுக்கையும் கடந்ததற்குச் சாட்சி. முதல் வாரம் அந்த விரல் புண்ணாகும், பிறகு தோல் தடித்துவிடும். முடிச்சைத் துணிக்கு மேலே விடுவதில்லை. சின்ன முடிச்சாகப் போட்டு ஊசியை உள்ளே விட்டுச் சுண்டி இழுத்தால், டப் என்று ஒரு சத்தத்தோடு முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சின்னதாக ஒரு நிம்மதி.

கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்தில் 10 தையல் போடுவார்கள். எனக்கு ஐந்து, ஆறு. துவைப்புக்குத் தாங்க அது போதும். எண்ணிக்கையைவிட ஒரே சீராக வருவதுதான் கணக்கு. தையல் கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு ஷீட்டின் உறையிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும்.

இந்த வேலையில் கை ஓடுகிற நேரமெல்லாம் மனம் ஓர் ஆளிடமே இருக்கிறது. என் சித்திக்குத் தைத்த மூன்று மாதமும் அவளோடு பேசிக்கொண்டிருந்ததாகவே இருந்தது. சின்ன வயதில் எனக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நாக்கில் நனைத்து, நுனியைத் தட்டையாக்கி, ஊசியை நூலிடம் கொண்டு வா, நூலை ஊசியிடம் கொண்டு போகாதே என்பாள். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் அவள் போர்வையில் வேறு வேறு சொரசொரப்புள்ள துணிகளாக வைத்தேன். கார்ட்ராய், கதர், வழவழப்பான சாட்டின், பழைய டர்க்கி டவல் ஒன்று. ஒரே கனத்தில் துணி எடுக்க வேண்டும் என்று மேலே நானே சொன்ன விதியை இங்கே நானே மீறினேன். மெல்லியவற்றுக்குப் பின்னால் இன்னொரு துணி வைத்துக் கனத்தைச் சமன்செய்தேன். சித்தி இரவில் தூக்கம் வராதபோது ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்க்கிறாளாம்.

குழந்தை பிறந்த வீட்டுக்குத் தைக்கிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் படுக்கையில் போர்வை, தலையணை போன்ற மெத்தென்ற எதையும் வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. மூச்சு அடைக்கும் ஆபத்து. எனவே குழந்தைப் போர்வையை நான் தரையில் விரிக்கிற விரிப்பாகத்தான் கொடுக்கிறேன். 36-க்கு 36 அங்குலம். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, குழந்தை குப்புற விழுந்து தலைதூக்கிப் பார்க்க. பட்டன், மணி, பிய்ந்து வரக்கூடிய எதுவும் அதில் கிடையாது. கொடுக்கும்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லச் சங்கடப்படக் கூடாது.

ஒரு போர்வையைப் பிரிவதும் எளிதில்லை. ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணிச்சித்திரங்களாகத் தைத்த போர்வையை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1886-இல் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்று மறுத்துவிட்டார் பவர்ஸ். சில ஆண்டுகளில் வறுமை வந்தது. 1891-இல் தாமே போய், சொன்ன விலையில் பாதிக்கு விற்றார். ஒவ்வொரு சித்திரத்துக்கும் உரிய கதையைச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அதன் பிறகும் அந்தப் போர்வையைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்குப் பலமுறை போய் வந்தார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதைகள் எழுதி வைக்கப்பட்டதால் அவையும் அதோடு இருக்கின்றன. அவருடைய பிரிவின் துயரம் எங்கே, மனமுவந்து கொடுக்கிற என் பிரிவு எங்கே. ஆனாலும் போய்ப் பார்க்கத் தோன்றுவது எனக்குத் தெரியும். நண்பர்கள் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் சோபாவைத்தான் தேடும்.

பவர்ஸின் கதையைப் படித்த பிறகு ஒவ்வொரு போர்வைக்குப் பின்னாலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டு தைக்கிறேன். யாருக்காக, எந்த வருடம், எந்தெந்தத் துணி யாருடையது என்று அழியாத மையால் எழுதி. அதன் கீழே: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் விரித்துக் காயவைக்கவும், ஈரத்தோடு கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈரப் பஞ்சின் கனம் தையலை இழுத்துவிடும். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: "கிழிந்தால் கொண்டு வரவும்." சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, ஒவ்வொரு போர்வையிலும் மிஞ்சிய துணியைப் பெயர் எழுதிய பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவின் போர்வையில் மணிகளை அன்றே நாங்கள் இருவரும் உட்கார்ந்து வெட்டி எடுத்தோம். பழுப்புக் கோடுகள் துவைத்தும் முழுக்கப் போகவில்லை. அவள் மகன் இப்போது அதை நாற்காலிகளின் மேல் போட்டுக் கூடாரம் கட்டுகிறான். ஒரு மூலை பிரிந்திருக்கிறது, அடுத்த மாதம் வரும்போது எடுத்து வருகிறேன் என்றாள்.

அதற்கு முன்னால் அம்மாவின் போர்வை வந்துவிட்டது. ஆறு வருடம் ஆகிறது. போர்வையில் முதலில் தேய்வது எப்போதும் பட்டிதான், அதிலும் முகவாய்வரை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மேல்பக்கம். அம்மாவின் போர்வையில் அந்தப் பக்கம் பட்டி நைந்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்க்கிறது. நெஞ்சுக்கு நேராக வைத்த அந்தச் சதுரத்தைத் தேட வேண்டியிருந்தது. நடுவிலிருந்த நீலம் வெளுத்து, சுற்றியுள்ள நீலத்தோடு கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. ஊசி ஓட்டைகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்று காலை பட்டியைப் பிரித்தேன். இரண்டாக மடித்துத் தைத்த பட்டி அது, அப்பாவின் கோடு போட்ட சட்டையிலிருந்து எடுத்தது. மடிப்பைத் திறந்தால் உள்பக்கத்தில் கோடுகள் நான் தைத்த அன்று இருந்த நிறத்திலேயே இருக்கின்றன. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். பையிலிருந்த சட்டைக் கை இரண்டையும் இரண்டரை அங்குல அகலத்தில் வெட்டி, மூட்டி, மடித்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி படுக்கப் போவதற்குள் வேண்டும் என்கிறாள்.